கை காட்டாத போலீஸ்காரர்

நோரீன் சைஸ்மோருக்குத் துப்பாக்கி கிடையாது, தொப்பி கிடையாது, யாரையும் கைது செய்கிற அதிகாரமும் கிடையாது. ஆனாலும் அமெரிக்க மலைநாட்டுச் சுரங்க ஊரான எங்கள் ஹேசல் ஃபோர்க்கில் போலீஸ் என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம்தான். நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், போலீஸ் என்று எழுதிய கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், முப்பது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருந்தார். போன் எடுப்பார். வேகமாக ஓட்டி மாட்டிக்கொண்டவர்களிடம் அபராதம் வாங்குவார். ஓடிப்போன நாயைப் பற்றிய புகாரையும் ஓடிப்போன புருஷனைப் பற்றிய புகாரையும் ஒரே குரலில் கேட்டுக்கொள்வார். குடித்துவிட்டு லாக்கப்பில் கிடப்பவனுக்குக் காலையில் எதிர்க்கடையிலிருந்து பிஸ்கட் ரொட்டியும் கிரேவிக் குழம்பும் வாங்கி வந்து கம்பிக்குள் நீட்டி, "தின்னுட்டு ஒழுங்கா வீடு போய்ச் சேரு. உங்கம்மா விடியறதுக்குள்ள ரெண்டு தடவை போன் பண்ணிட்டா" என்பார்.

அவர் புருஷன் வெஸ்லி சுரங்கத் தூசி நெஞ்சை அடைத்துச் செத்துப்போய்ப் பல வருடம் ஆகிறது. மகள் ஒஹாயோவில் இருக்கிறாள். வந்து கூட இரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். நோரீன் போகவில்லை. "நான் போயிட்டா அந்தப் போனை யாரு எடுப்பா?" என்று கேட்பார். நான் அவருடைய அலுவலகத்துக்கு நாலு கடை தள்ளி மருந்துக்கடை நடத்துகிறேன். ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க வரும் சாக்கில் தினமும் காலையில் என் கவுண்டரில் சாய்ந்து நின்று ஊர்க்கதை பேசுவார். அதனால் இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவரே சொன்னது.

சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் ஊருக்கு ஆறு போலீஸ்காரர்கள் இருந்தார்கள். சுரங்கம் மூடியதும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒருவன் கூடுதல் சம்பளத்துக்கு ப்ரூவிட் போனான். அதுதான் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைமை ஊர், மலைக்கு அந்தப் பக்கம். ஒருவன் லாரி ஓட்டப் போனான். இன்னொருவன் மளிகைக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனான். அங்கே சம்பளமும் அதிகம், யாரும் சுடவும் மாட்டார்கள். கடைசியில் மிஞ்சியவர் சீஃப் ராய்ஸ் க்ளைன். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு காரில் ஏறி இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது. அந்த வருடக் கோடை முடியும்போது ஓய்வு வாங்கிக்கொண்டார். வழக்கமாக இப்படி ஒருவர் போனால் தீயணைப்பு ஹாலில் கேக் வெட்டுவோம். ராய்ஸுக்கு அது நடக்கவில்லை.

மேயர் எல்டன் வான்ஸ் ராய்ஸையும் நோரீனையும் கதவைச் சாத்திவிட்டு உட்கார வைத்துப் பேசினாராம்.

"புது ஆள் கிடைக்கிற வரைக்கும் சத்தம் வேண்டாம். போலீஸ் இல்லாத ஊருன்னு தெரிஞ்சா போதைமருந்து விக்கிறவன் பாய் தலகாணியோட வந்துருவான்."

"ஆள் எப்போ கிடைக்கும்?" என்று நோரீன் கேட்டார்.

"விளம்பரம் போட்டிருக்கு."

"போன வருஷமும்தான் போட்டோம் எல்டன். ஒருத்தன் வந்தான். சம்பளத்தைக் கேட்டுட்டுச் சிரிச்சான். காபி குடிச்சிட்டுப் போயிட்டான்."

எங்கள் மாநிலத்தில் ஒவ்வொரு வருடமும் ஊர் ஊராக எத்தனை போலீஸ், சீருடை இல்லாத சிவில் ஊழியர் எத்தனை என்று கணக்குக் கேட்பார்கள். அதை அனுப்புவதும் நோரீன்தான். அந்த இலையுதிர் காலத்தில் போலீஸ் பூஜ்யம், சிவில் ஊழியர் ஒன்று என்று அனுப்பினார். அந்த ஒன்று அவரேதான். அது ஒளித்து வைத்த விஷயமும் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. ராய்ஸ் மருத்துவ விடுப்பில் இருக்கிறார், அவருக்குப் பதில் யாரோ பையன்கள் டூட்டி பார்க்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி நினைக்கக் காரணம் அந்தக் கார்.

பாலம் தாண்டி, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் முனையில், மூடிப்போன கம்பளக் கடை வாசலில் போலீஸ் காரை நிறுத்தி வைக்கச் சொன்னார் மேயர். நிலக்கரி லாரிகள் அந்த வளைவில் பறக்கும். பிள்ளைகள் சாலை கடக்கிற இடம். கார் நின்றதும் லாரிகள் வேகம் குறைந்தன. சில நாள்தான். உள்ளே ஆள் இல்லை என்று டிரைவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள் போல. மறுபடி பறக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் ஒரு லாரி பள்ளிச் சிறுமி ஒருத்தியின் பையை உரசிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு நடந்தது நோரீனின் சொந்த யோசனை. மூடப்போகிற ஒரு துணிக்கடையில் ஆண் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். ராய்ஸின் பழைய சட்டை, அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் மாட்டி டிரைவர் சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டார். அதற்கு லீலண்ட் என்று பேர் வைத்தார். காலையில் பள்ளி தொடங்கும் முன் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார், பொழுது சாயுமுன் எடுத்துப் போவார். ஒரு நாள் முகத்தைப் பாலம் பக்கம் திருப்பி வைப்பார், மறுநாள் பள்ளிக்கூடம் பக்கம். கடைத்தெருவில் எங்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். "லீலண்டுக்கு டோனட் வாங்கிட்டுப் போகலையா நோரீன்?" என்று கேலி செய்வோம்.

"அவன் டயட்ல இருக்கான் கண்ணு. வாய்கூடத் திறக்க மாட்டான். இந்த ஆபீஸ்ல நான் பாத்ததிலேயே தங்கமான ஆளு" என்பார்.

லாரிகள் மெதுவாகப் போயின. நோரீனுக்குப் பெருமையாக இருந்தது. எங்களுக்கும் சிரிப்பாக இருந்தது. பொம்மைக்குப் பின்னால் நிஜ ஆட்கள் இருக்கிறார்கள் என்று நம்பியதால்தான் சிரித்தோம்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு காலை. பனி உருகி ஓடை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி மணி அடித்துவிட்டது. நோரீன் என் கவுண்டரில் நின்று, ஒஹாயோவில் பேரனுக்குப் பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது வெளியே ஒரு சத்தம். முதலில் நாய் என்று நினைத்தேன். பிறகுதான் அது பெண் குரல் என்று புரிந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாலத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை, காலுறை மட்டும், அதுவும் நனைந்து இழுபட்டது. இடுப்பில் ஒரு குழந்தை. எந்தக் கடைக்குள்ளும் நுழையவில்லை, எங்களை நோக்கித் திரும்பவும் இல்லை. நேராகப் போலீஸ் காரை நோக்கி ஓடினாள். ஓடிப் போய்க் கண்ணாடியில் உள்ளங்கையால் அடித்தாள்.

"சார்! சார், கதவைத் திறங்க! அவன் வர்றான் சார்! பிள்ளையையாவது வாங்கிக்கோங்க!"

லீலண்ட் பள்ளிக்கூடம் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அவள் இன்னும் பலமாக அடித்தாள். கார் லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தில் தொப்பி சரிந்து, பொம்மையின் மூக்கில் வந்து நின்றது. அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். அடிப்பதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அவள் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. இத்தனை வருடத்தில் இந்தக் கவுண்டரிலிருந்து எத்தனையோ சாவுச் செய்தி கேட்டவர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

நோரீன் மாத்திரைப் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, முட்டி வலிக்காரர். நான் போனை எடுத்து அவசர எண் 911-ஐப் போட்டேன். ஊரில் இருந்து போட்டாலும் அது ப்ரூவிட்டில்தான் போய் ஒலிக்கும்.

"ஹேசல் ஃபோர்க் மெயின் ரோடு. ஒரு பொண்ணை யாரோ துரத்திட்டு வர்றாங்க. சீக்கிரம் உங்க ஆளை அனுப்புங்க."

"எங்க ஆளா? இன்னைக்குக் காலையில கவுண்டி முழுசுக்கும் ஒரே ஒரு டெபுட்டி போலீஸ்தாங்க. அவரு தெற்குக் கோடியில ஒரு விபத்துல நிக்கிறாரு. நாப்பது நிமிஷம் ஆகும்."

"அப்போ எங்க ஊர் போலீஸுக்குச் சொல்லுங்க!"

"மேடம், உங்க ஊருல போலீஸ் இல்லையே. உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கு அந்த வாக்கியம் புரியவே இல்லை. போனைக் காதில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நோரீன் அதற்குள் காரை அடைந்துவிட்டார். பின்கதவைத் திறந்து அந்தப் பெண்ணையும் குழந்தையையும் உள்ளே தள்ளினார். பாலத்தின் மேல் ஒரு சிவப்புப் பிக்கப் லாரி தெரிந்தது. அவர் டிரைவர் பக்கம் வந்து, லீலண்டின் பெல்ட்டைக் கழற்றி, இரண்டு கையாலும் அந்தப் பக்க சீட்டுக்கு நெட்டித் தள்ளினார். பொம்மையின் கால் ஒன்று மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அதை அடித்து மடக்கிவிட்டுத் தானும் ஏறிக் கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியைத் தேடினார். அவசரத்தில் சாவி பாவாடை மடிப்புக்குள் விழுந்துவிட்டது.

பிக்கப் பின்னால் வந்து நின்றது. இறங்கியவன் இளவயது ஆள். கையில் டயர் கழற்றுகிற இரும்புக் கம்பி. இரண்டு எட்டு வைத்தவன், காரின் பக்க சீட்டில் தொப்பியும் தோளும் தெரிந்ததும் நின்றான். கம்பியை மெதுவாகத் தன் கால் பக்கம் மறைத்துக்கொண்டான். குரலையும் மாற்றிக்கொண்டான்.

"குட்மார்னிங் ஆபீசர். தொந்தரவுக்கு மன்னிக்கணும். அது என் பொண்டாட்டிதான். டேனெல். மாத்திரை சாப்பிடறவ சார், அடிக்கடி இப்படித்தான் கெளம்பிடுவா. ஒண்ணும் பெரிய விஷயமில்ல. நாங்களே பாத்துக்கறோம்."

லீலண்ட் பேசவில்லை. பின்சீட்டில் டேனெல் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு தரையோடு குறுகிக் கிடந்தாள். நோரீன் விரலால் பாவாடையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஆபீசர்? நான் மரியாதையாத்தானே பேசறேன்?" அவன் இன்னும் ஓரடி வந்தான். "சார், உங்களுக்கும் குடும்பம் இருக்கும்ல. உங்களுக்குப் புரியும்."

ஒரு பொம்மையிடம் அவன் அவ்வளவு பணிவாகப் பேசினான். அந்தப் பணிவில் ஒரு துளியாவது அவளிடம் காட்டியிருந்தால் அவள் காலுறையோடு ஓடி வந்திருக்க மாட்டாள். இதை என்னிடம் பிறகு சொன்னது நோரீன்தான்.

சாவி கிடைத்தது. வண்டி கிளம்பிய குலுக்கலில் லீலண்ட் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தான். தொப்பி விழுந்து வழுக்கை பிளாஸ்டிக் தலை வெளியே தெரிந்தது. கம்பியோடு நின்றவன் அதைப் பார்த்தான். பிறகு கம்பியால் காரின் பின்பக்கம் ஓங்கி அடித்தான். விளக்கு நொறுங்கியது. நோரீன் சைரனைப் போட்டுக்கொண்டு மலைச்சாலையில் ஏறினார். அவனும் பிக்கப்பில் பாய்ந்து ஏறிப் பின்தொடர்ந்தான்.

பின்சீட்டில் டேனெல் கதவைத் தடவினாள். "கைப்பிடி இல்லையே! இதுல கைப்பிடி இல்லையே! எங்களை எங்க அடைச்சிட்டுப் போறீங்க?"

"உள்ளேருந்து தெறக்காது கண்ணு. வெளியேருந்தும் பூட்டிட்டேன். அவனாலயும் தெறக்க முடியாது. பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்க, வளைவு வருது."

"நீங்க போலீஸா?"

"இல்ல."

"அப்போ போலீஸ் எங்க?"

நோரீன் வயர்லெஸை எடுத்து ப்ரூவிட்டைக் கூப்பிட்டார். டெபுட்டி விபத்தை விட்டுக் கிளம்பிவிட்டார், மலை உச்சியில் சர்ச் வாசலில் சந்திக்கலாம் என்றார்கள். நோரீன் அந்தச் சாலையில் மணிக்கு முப்பது மைலுக்கு மேல் ஓட்டியதே கிடையாது. இப்போது எதிரே வந்தவர்கள் எல்லாம் போலீஸ் விளக்கைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டார்கள்.

டேனெல் அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே பேசிக்கொண்டே வந்தாள், யாரிடம் என்று இல்லாமல்.

"எங்கிட்ட போன் கிடையாது. அவன்தான் வச்சிருப்பான். கடைக்குக் கூட்டிட்டுப் போறப்பல்லாம் பாலத்துல வச்சு இந்தக் காரைப் பாப்பேன். இந்த சார் எப்பவும் இருப்பாரு. மழைன்னாலும் இருப்பாரு. பரவால்ல, இந்த ஊர்ல ஒருத்தராவது அசையாம ஒரே எடத்துல இருக்காருன்னு நெனச்சேன். அவனுக்குத் தெரியாம லேசா கை காட்டுவேன். அவரு திருப்பிக் காட்ட மாட்டாரு. டூட்டியில இருக்காரு, காட்டக் கூடாது போலன்னு நெனச்சுக்கிட்டேன். இவர்கிட்ட போயிட்டாப் போதும்னுதான்... இவ்ளோ நாளா... இவர்கிட்ட போயிட்டாப் போதும்னு..."

நோரீன் முன்னால் பார்த்தே ஓட்டினார். கண் மறைத்தது. துடைக்கவும் கையில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது பொம்மை என்று தெரியும். தெரியாமல் இருந்தது இவள் வீடு ஒன்றுதான். ஏனென்றால் அந்த வீட்டோடு யாரும் பேசியதில்லை. ஓடைக்கு மேலே மலையிடுக்குப் பள்ளத்தில், சக்கரம் வைத்த ஒரு டிரெய்லர் வீட்டுக்குப் புதுசாக ஒரு ஜோடி வந்திருப்பதாக நான்கூடக் கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

ஏற்றத்தில் நிலக்கரி லாரி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சைரனைக் கேட்டதும் டிரைவர் ஓரமாக ஒதுக்கினான். நோரீன் தாண்டினார். தாண்டியதும் லாரி தன் பாதைக்குத் திரும்பிவிட்டது. பிக்கப் அதன் பின்னால் மாட்டிக்கொண்டது. அந்த ஏற்றத்தில் லாரியைத் தாண்ட இடமே கிடையாது. ஹார்ன் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டதாம். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

சர்ச் வாசலில் வந்து நின்ற டெபுட்டிக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஓடி வந்தவன் முன்சீட்டில் வழுக்கைத் தலையோடு மடங்கிக் கிடந்த பொம்மையைப் பார்த்துத் தடுமாறிப் போனான்.

"மேடம்... உங்க ஆபீசருக்கு என்னாச்சு?"

"எங்களுக்கு ஆபீசரே கிடையாது தம்பி" என்றார் நோரீன். அதைச் சொன்ன பிறகுதான் காரைவிட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

டேனெலின் புருஷன் ட்ராவிஸ் மலிஸ் பாதியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அந்த டெபுட்டி தனியாளாக அவனைத் தேடிப் போக முடியவில்லை. டேனெலையும் குழந்தையையும் முதலில் பத்திரமான இடத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. மத்தியானம் மாநில போலீஸ்காரர்கள் இருவர் வந்து பள்ளத்துக்குப் போனபோது டிரெய்லர் எரிந்து கூடாக நின்றது. குழந்தையின் கட்டில், டேனெலின் துணி, அவள் அம்மா கொடுத்த தையல் போர்வை எல்லாம் சாம்பல். அவனை அந்த வாரக் கடைசியில் பக்கத்துக் கவுண்டியில் அவன் அண்ணன் வீட்டில் பிடித்தார்கள். டேனெலும் குழந்தை ஐவியும் வேறொரு ஊரில் பெண்கள் இல்லத்தில் இருக்கிறார்கள் என்றார்கள். எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. அதுதான் சரி.

தீயணைப்பு ஹாலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றோம். மேயர் எல்டன் எழுந்து, "நமக்கு இப்போ போலீஸ் கிடையாது. செப்டம்பர்லேருந்தே கிடையாது" என்று சொன்னார். ஒரு கிழவர் காது கேட்கும் கருவியைத் திருகிக்கொண்டு, "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவள் அவர் காதில் சொன்னாள். அவர் நாற்காலியில் மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

பிறகு கூச்சல் கிளம்பியது. "ஆறு மாசமா! என் பொண்ணு தினம் ராத்திரி கடையைத் தனியாப் பூட்டறா!" "வரி மட்டும் வாங்கத் தெரியுதுல்ல!" "எங்ககிட்ட ஏன் சொல்லல?"

கசாப்புக் கடைக்காரர் க்ளெட்டஸ் ப்ரையன்ட் நோரீனைக் கைகாட்டினார். "பொம்மையை வச்சது இவதானே! எங்க எல்லாரையும் முட்டாளாக்கினவ இவதானே!"

நோரீன் எழுந்து நின்றார். எப்போதும் கேலிக்குக் கேலி சொல்பவர், அன்று சொல்லவில்லை.

"ஆமா க்ளெட்டஸ், நான்தான் வச்சேன். லாரிக்காரனுக்காக வச்சேன். ஒரு பொண்ணு அதை நம்பி உசுரைக் கையில பிடிச்சிக்கிட்டு வருவான்னு எனக்குத் தோணவே இல்ல. அவ கண்ணாடியில மூஞ்சியை வச்சுப் பாத்தாளே, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா தெரியலைன்னு மட்டும் சொல்லாதீங்க. மாநிலத்துக் கணக்குல எழுதியிருக்கு. போலீஸ் பூஜ்யம்னு நானே அனுப்பினேன். எல்லாரும் பாக்கலாம். நம்ம பேருக்கு மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம். எத்தனை ஊரு தெரியுமா? நானும் கீழ வரைக்கும் படிச்சதில்ல. நேத்திக்குத்தான் படிச்சேன். படிச்சிட்டுத் தூங்கல."

ராய்ஸ் க்ளைன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்வரிசையில் நின்றிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் எல்டன் நோரீனிடம் வந்து, லாரிகள் மறுபடி பறக்கின்றன, காரை மட்டுமாவது நிறுத்தக் கூடாதா என்று கேட்டார். நோரீன் காரைக் கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்தினார். நான்கு கண்ணாடியிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கொட்டை எழுத்தில் எழுதினார்: உள்ளே யாரும் இல்லை. எல்டன் ஒரு மணி நேரம் மன்றாடிப் பார்த்தார். கடைசியில் காரை எடுத்துப் போய் ஷெட்டில் பூட்டிவிட்டார்கள்.

போலீஸ்காரர் இருவரை வைப்பதற்கு வீட்டுக்கு வீடு மாதம் கொஞ்சம் கட்டணம் கூட்டலாமா என்று மே மாதத்தில் ஓட்டுக்கு விட்டார்கள். கூட்டத்தில் அழுதவர்கள், கத்தியவர்கள், டெபுட்டி மூலமாக டேனெலுக்குத் துணி கொடுத்தவர்கள், குழந்தைக்குக் கட்டில் கொடுத்தவர்கள் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். தோற்றுவிட்டது. கொஞ்ச வித்தியாசத்தில் அல்ல; நன்றாகவே தோற்றது.

அன்று சாயங்காலம் நோரீன் என் கடைக்கு வந்தார். கவுண்டரில் சாயவில்லை, நின்றபடியே இருந்தார்.

"ட்ரீனா, நிஜமாவே தோத்துருச்சா? எண்ணிக்கையில தப்பு இல்லையே?"

"இல்ல நோரீன். மூணு தடவை எண்ணினாங்களாம்."

"அன்னைக்கு எல்லாரும் அழுதாங்களே கண்ணு."

மாத்திரைப் பையை எடுத்துக் கொடுத்தேன். வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "க்ளெட்டஸ்கூட ஆமான்னு போட்டிருக்க மாட்டான்ல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கோடையில் நகராட்சி போலீஸ் அலுவலகத்தையே மூடியது. இனி எங்கள் ஊருக்குக் கணக்கில் சிவில் ஊழியரும் இல்லை. மகள் ஒஹாயோவிலிருந்து வந்து பெட்டி கட்டச் சொன்னாள். நோரீன் பெட்டி கட்டவில்லை. ப்ரூவிட் போய், கவுண்டி 911 நிலையத்தில் வேலை கேட்டார். அறுபதை நெருங்குகிறவரை எடுப்பார்களா என்று சந்தேகப்பட்டேன். ஆள் பஞ்சத்தில் மறுவாரமே எடுத்துக்கொண்டார்கள். இப்போது தினமும் அந்த மலைச்சாலையில் போய்வருகிறார். பழைய டொயோட்டாதான், மெதுவாக ஓட்டுகிறார்.

போன மாதம் அவரைப் பார்க்க அங்கே போயிருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவருடைய மதிய உணவு இடைவேளைக்காகக் காத்திருந்தேன். மடியில் இருவருக்குமாக வாங்கிய, இறைச்சி வைத்த பெப்பரோனி ரோல் ஆறிக்கொண்டிருந்தது. அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு அழைப்பில் இருந்தார். வடக்கே ஏதோ ஒரு பள்ளத்திலிருந்து ஒரு பெண். வீட்டைச் சுற்றி யாரோ நடமாடுகிறார்கள் போல.

"கதவைப் பூட்டிட்டீங்களா? சரி. டெபுட்டி கெளம்பிட்டாரு, ஆனா நேரம் ஆகும். பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நேரம் ஆகும். நான் போனை வைக்க மாட்டேன். இப்போ எனக்கு ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்குப் பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நோரீன் எழுதுகோலைக் கையில் பிடித்தபடி, வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேரு தெரியலையா? எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?... பதினோரு வருஷமா?"

அவர் நிமிர்ந்து கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, குரலில் எதையும் காட்டாமல், "சரி கண்ணு, பரவால்ல. அவங்க வீட்டு வெளிச்சம் தெரியுதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.